2172: ஓர் ஆண்டு வாசிக்கப்படும் விதம்

2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சொன்ன ஓர் எண், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை ஒரே நாளில் நாடறியச் செய்தது. கி.மு. 2172. மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த மாதிரி ஒன்றின் காலம் அது. தமிழகத்தில் இரும்பு 4,200 ஆண்டுகளாகப் புழங்கிவருகிறது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினார்கள். அதே இடத்தில் மேலடுக்கில் கிடைத்த இன்னொரு மாதிரி கி.மு. 1615 என்று வந்தது. அதற்கு முன்பு தமிழக இரும்புக்குச் சொல்லப்பட்டுவந்த மிகப் பழைய காலம், மேட்டூர்ப் பக்கத்து மாங்காட்டின் கி.மு. 1510.

இந்த 2172 என்ற எண்ணை எந்தக் கருவியும் காட்டவில்லை. கருவி காட்டியது ஒரு விகிதம்: மாதிரியில் இருந்த கார்பன் அணுக்களில் எத்தனை கார்பன்-14, எத்தனை கார்பன்-12, எத்தனை கார்பன்-13 என்பது. அந்த விகிதத்தை ஆண்டாக மாற்றியது ஓர் அட்டவணை. அட்டவணையைத் தயாரித்தவர்கள் மயிலாடும்பாறைப் பக்கம் வந்தவர்கள் அல்லர். அதில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மரங்களின் வளையங்கள்.

தனிமங்களுக்கும், ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளான ஐசோடோப்புகளுக்கும் உலகம் வைத்திருக்கும் அட்டவணைகளைப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படமாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். யாரோ எப்போதோ கண்டுபிடித்து முடித்துவிட்ட உண்மைகளின் பட்டியல் என்று. உண்மையில் அவை பதிப்பு எண்ணும் திருத்தமும் உள்ள ஆவணங்கள். பல எண்கள் அளந்து வந்தவை, சில எண்கள் கூடிப்பேசி ஒப்புக்கொண்டவை, சிலவற்றில் பழைய தவறு தெரிந்தே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரையிலான இந்த எல்லைப்புறத் தொழில் வட்டாரத்தில் வார்ப்பாலை, நகைத் தொழிற்சாலை, பேட்டரித் தொழிற்சாலை, கல் குவாரி, அகழாய்வுக் குழி எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால், இந்த அட்டவணைகள் ஒவ்வொன்றும் வேலை செய்வதை ஒரே மாவட்டத்துக்குள் பார்த்துவிடலாம்.

முதலில் மயிலாடும்பாறை. பர்கூர்ப் பக்கத்துத் தொகரப்பள்ளியை ஒட்டிய ஊர். ஓசூர் அருகே ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் மாவட்டத்தின் வெவ்வேறு கோடிகள். மலைமேல் புதிய கற்காலக் கருவிகள், பாறை ஓவியங்கள், அடிவாரத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்று நீண்ட காலம் மனிதர் புழங்கிய இடம் இது. 2021இல் நடந்த அகழாய்வில் இரும்பு வாளும் கிடைத்தது. அந்த அகழாய்வின் மாதிரிகளே கார்பன் விகிதத்தைக் காட்டும் கருவியான முடுக்கி நிறை நிறமாலைமானிக்குப் போயின.

கார்பன்-14 காலக்கணிப்பின் அடிப்படை எளிது. காற்றுமண்டலத்தின் உயரத்தில் அண்டக் கதிர்கள் நைட்ரஜனைத் தாக்கும்போது கார்பன்-14 உண்டாகிறது. செடி அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது, செத்தபின் எடுப்பதில்லை, இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து மறைகிறது. உயிருள்ள பொருளில் கார்பன் அணுக்களில் லட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் அது இருக்கும். நாலாயிரம் ஆண்டு கடந்த கரியில் அதிலும் சுமார் 60 விழுக்காடுதான் மிச்சம். மார்ட்டின் கேமனும் சாம் ரூபெனும் 1940இல் கண்டறிந்த ஐசோடோப் இது. இதைக் கடிகாரமாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனித்தான் ஒப்பந்தங்கள் தொடங்குகின்றன. கார்பன்-14 சிதைந்து பாதியாக ஆகும் காலத்துக்கு, அதாவது அரை ஆயுட்காலத்துக்கு, லிபி பயன்படுத்திய மதிப்பு 5,568 ஆண்டுகள். 1962இல் கேம்பிரிட்ஜில் கூடிய ஆய்வாளர்கள் அதைவிடச் சரியான மதிப்பு 5,730 என்று ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட கையோடு, ஆய்வகங்கள் தொடர்ந்து 5,568ஐயே பயன்படுத்த வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். ஏற்கெனவே அச்சாகிவிட்ட ஆயிரக்கணக்கான காலக்கணிப்புகளோடு புதியவை கலந்து குழப்பிவிடக் கூடாது என்பது காரணம். ஆகவே இன்றும் உலகின் எந்த ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினாலும், முதலில் வரும் எண் மூன்று விழுக்காடு குறைவு என்று எல்லோருக்கும் தெரிந்த எண்தான். மயிலாடும்பாறை வயதுக்கு இந்த வித்தியாசம் நூறாண்டுக்குச் சற்றே மேல். பின்னால் வரும் திருத்த வளைகோட்டிலும் அதே 5,568 இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. தெரிந்தே செய்யும் ஒரு தவறை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்தால் அது தவறாக மிஞ்சுவதில்லை. அளவியலில் இது அவமானம் அல்ல, நடைமுறை.

இரண்டாவது ஒப்பந்தம் 'இன்று' என்பதைப் பற்றியது. கார்பன் கணக்கில் 'இன்றைக்கு இத்தனை ஆண்டுகளுக்கு முன்' என்றால் அந்த 'இன்று' எப்போதும் 1950தான். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐக் கொட்டி இயல்பைக் கெடுத்துவிட்டதால் அதற்கு முந்தைய ஆண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த 1950இன் கார்பன் எப்படி இருந்தது என்பதற்கு ஒப்பீட்டுப் பொருள் வேண்டுமல்லவா? அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1955ஆம் ஆண்டு அறுவடையான சர்க்கரை பீட்டிலிருந்து செய்த ஆக்சாலிக் அமிலம்தான் முதல் ஒப்பீட்டுப் பொருள். அது தீர்ந்துவரவே, 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு பீட் மொலாசஸிலிருந்து இரண்டாவதைத் தயாரித்தார்கள். கிருஷ்ணகிரி மண்ணில் நாலாயிரம் ஆண்டு கிடந்ததன் வயது, கடைசியில் ஏதோ ஒரு வயலின் கிழங்கோடு ஒப்பிட்டே சொல்லப்படுகிறது.

மூன்றாவது விஷயம் ஒப்பந்தம் அல்ல, இயற்கையின் குளறுபடி. காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. பூமியின் காந்தப்புலம் தளர்ந்தால் கூடும், சூரியனின் செயல்பாடு நெடுங்காலம் ஓங்கியிருந்தால் குறையும். கி.பி. 774–775இல் ஒரே ஆண்டில் அது திடீரென்று எகிறியதை ஜப்பானிய தேவதாரு வளையங்களில் 2012இல் ஃபூசா மியாகே கண்டார். காஞ்சியில் நந்திவர்ம பல்லவமல்லன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு நம் ஊர் மரங்களும் அந்தக் கூடுதல் கார்பனை உள்ளிழுத்திருக்கும். இப்படி ஏறி இறங்கும் காற்றைச் சரிசெய்யத்தான் திருத்த வளைகோடு தேவைப்படுகிறது. மர வளையத்தின் வயதை எண்ணியே சொல்லிவிடலாம்; அதன் கார்பன்-14ஐ அளந்தும் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் மாற்றும் அட்டவணை கிடைக்கும். வட அரைக்கோளத்துக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2020இல் வெளியான 'இன்ட்கால்20'. பெல்ஃபாஸ்ட் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் பவுலா ரைமர் தலைமையில் தொகுத்தது. மர வளையம் போகும் தூரம் வரை மரம். அதற்கப்பால் சீனத்து ஹுலு குகையின் கல்விழுதுகள், ஜப்பானின் சுய்கெட்சு ஏரிப் படிவுகள். மொத்தம் 55,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது.

இந்த அட்டவணை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஆய்வகம் ஒரு கரிக்கு 3,700 என்று வயது கொடுத்தால், 1950இலிருந்து கழித்துப் பார்ப்பவருக்குக் கி.மு. 1750 வரும். திருத்த வளைகோட்டில் பார்ப்பவருக்குக் கி.மு. 2100ஐ ஒட்டி வரும். ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு வித்தியாசம். 'தமிழகத்து இரும்பு எவ்வளவு பழையது' என்ற வாதத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் சில சமயம் ஒரே அளவீட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள். ஒருவர் திருத்தாத எண்ணைச் சொல்கிறார், மற்றவர் திருத்திய எண்ணை.

அட்டவணை ஓர் ஆண்டைத் தருவதும் இல்லை. ஒரு வரம்பைத் தருகிறது. வளைகோடு நெளிந்து போவதால் ஓர் ஆய்வக வயதுக்கு நேராக அடுத்தடுத்த பல ஆண்டுகள் வரும், சில சமயம் இடையில் வெற்றிடம் விட்டு இரண்டு தொகுதிகளாகவும் வரும். மேடையிலும் செய்தியிலும் நமக்குக் கிடைப்பது அந்த வரம்பின் நடு எண். 2172இல் இருக்கும் கடைசி '2', நடுப்புள்ளியைக் கணக்கிட்டதால் வந்த இலக்கம். அந்த ஆண்டில்தான் மரம் வெட்டப்பட்டது என்று அது சொல்லவில்லை. கீழடிக்குச் சொல்லப்படும் கி.மு. 580க்கும் இது பொருந்தும். அங்கே இன்னும் அதிகமாகவே பொருந்தும். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் வளைகோடு ஏறக்குறைய தட்டையாகிவிடுகிறது. ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் இதை ஹால்ஷ்டாட் மேடு என்பார்கள். அந்த மேட்டில் விழும் மாதிரி எதுவானாலும் நானூறு ஆண்டுக்குள் எங்கேயோ என்பதைத் தாண்டிக் கரி மட்டும் தனித்துப் பேசாது. மண்ணடுக்கு, பானை வகை, எழுத்து என்று மற்றவையும் சேர்ந்துதான் இடத்தைக் குறுக்க வேண்டும். இந்த விஷயத்தில் மயிலாடும்பாறை கீழடியைவிட அதிர்ஷ்டசாலி. அதன் காலத்து வளைகோடு அவ்வளவு தட்டை இல்லை.

ஆனால் மயிலாடும்பாறைக்கு வேறொரு சிக்கல் உண்டு; தென்னிந்தியா முழுமைக்குமே உண்டு. வளைகோட்டில் இருக்கும் மரங்கள் பெரும்பாலும் வடக்கே நெடுந்தொலைவில் வளர்ந்தவை. கிருஷ்ணகிரி இருப்பது வட அட்சம் 12½ பாகைக்குப் பக்கத்தில். ஆடி ஆவணியில் இந்த மண்ணுக்கு வரும் தென்மேற்குப் பருவக்காற்று நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கிலிருந்து வருவது. கடல் பரப்பு மிகுந்த தென் அரைக்கோளத்துக் காற்றில் கார்பன்-14 சற்றுக் குறைவு. வயதாகச் சொன்னால் சராசரியாக 36 ஆண்டு பழையதாகத் தெரியும். தென் அரைக்கோளத்துக்கென்றே 'எஸ்எச்கால்20' என்ற தனி வளைகோடும் இருக்கிறது. மரம் வளர்வது மழைக்காலத்தில் என்பதால், நம் மரங்கள் இரண்டு காற்றையும் கலந்து குடித்தவை. அப்படியானால் எந்த வளைகோட்டை எடுப்பது? இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது? இருபது முப்பது ஆண்டு நகர்ந்தால் இரும்புக்காலமே கவிழ்ந்துவிடாது. ஆனாலும் தென்னிந்தியாவின் சொந்த மர வளையங்களைக் கொண்டு இந்தக் கலப்பு விகிதத்தை அளந்து வைப்பது, இன்னும் ஒரு குழி தோண்டுவதற்கு இணையான தொல்லியல் பணி என்பது என் கருத்து. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையம் ஒழுங்காக விழாது; தேக்கில் விழும். கேரளத் தேக்குகளில் சில நூற்றாண்டு வளையங்களை எண்ணியிருக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு அது போதாது, விகிதத்தை அறியப் போதும்.

இன்னொரு எச்சரிக்கை பழையது, எல்லா அகழாய்வாளருக்கும் தெரிந்தது. கரி சொல்வது மரம் அந்த வளையத்தை வளர்த்த காலத்தை; அடுப்பில் எரிந்த காலத்தை அல்ல. வயிரம் பாய்ந்த முதுமரத்தின் நடுப்பகுதி எரிந்திருந்தால் நூறு இருநூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். இரும்பையே நேரடியாகக் கணிக்கலாமே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. மரக்கரி போட்டு உருக்கிய இரும்பில் அந்த மரத்தின் கார்பன் கொஞ்சம் ஏறியிருக்கும். நிக்கோலாஸ் வான் டெர் மெர்வே 1960களில் இதைச் செய்துகாட்டினார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓசூர் வார்ப்பாலையில் இன்று காலை வார்த்த இரும்பை இந்த முறைக்கு அனுப்பினால், அது இந்த முறையால் அளக்கவே முடியாத அளவுக்குப் பழையது என்று பதில் வரக்கூடும். கச்சா இரும்பை (பிக் அயர்ன்) உருக்கிய கோக், நிலக்கரியிலிருந்து வருவது. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் புதைந்த காட்டில் கார்பன்-14 எதுவும் மிச்சம் இல்லை.

அந்த வார்ப்பாலைக்கே வருவோம். அசோக் லேலண்ட் 1980இல் ஓசூருக்கு வந்தபின், அதையும் டிவிஎஸ்ஸையும் சுற்றி உதிரிபாகத் தொழில்கள் பெருகின. எந்த வார்ப்பாலையிலும் உலையிலிருந்து ஊற்றுவதற்கு முன் ஒரு மாதிரி எடுத்து 'ஸ்பெக்ட்ரோ' பார்ப்பார்கள். அதுவும் கார்பன் எவ்வளவு என்றுதான் கேட்கிறது. எந்தக் கார்பன் என்று கேட்பதில்லை. மாதிரியைச் செம்பு அச்சில் ஊற்றிச் சட்டென்று குளிரவிடுவார்கள். மெல்லக் குளிர்ந்தால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து கணக்கைக் கெடுத்துவிடும். பரப்பைத் தேய்த்து மின்பொறி வைத்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளிவிடும். கார்பனுக்கு 193.09 நானோமீட்டர். கந்தகம், பாஸ்பரஸ் இன்னும் கீழே, 180ஐ ஒட்டி. அந்தப் புறஊதாக் கதிரைக் காற்று விழுங்கிவிடும் என்பதால்தான் ஸ்பெக்ட்ரோவுக்குப் பக்கத்தில் ஆர்கான் சிலிண்டர் எப்போதும் நிற்கிறது.

அலைநீள அட்டவணை 'என்ன இருக்கிறது' என்பதைச் சொல்லிவிடும். 'எவ்வளவு' என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்குச் சான்றளித்த ஒப்பீட்டுப் பொருள் வேண்டும்: இத்தனை விழுக்காடு கார்பன், இத்தனை மாங்கனீஸ், நிச்சயமின்மை இவ்வளவு என்று சான்றிதழோடு வரும் உலோக வில்லை. கார்பன் காலக்கணிப்பில் பீட் சர்க்கரை செய்யும் வேலையை இங்கே அந்த வில்லை செய்கிறது. இந்தியாவில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஒருங்கிணைப்பில் 'பாரதிய நிர்தேஷக் திரவ்யா' என்ற பெயரில் இத்தகைய பொருள்கள் வருகின்றன; தங்கத்துக்கும் உண்டு.

தங்கம் என்றதும் ஓசூரின் இன்னொரு முகம். டைட்டன் கைக்கடிகாரத்துக்காக 1980களில் வந்தது. நகைத் தொழிற்சாலை பிறகு வந்தது. நகைக்கடைகளில் வாடிக்கையாளர் கண்முன்னே வைத்துப் பார்க்கும் கேரட்மீட்டர் ஓர் எக்ஸ் கதிர்க் கருவி. அதன் பின்னால் இருப்பது ஹென்றி மோஸ்லி 1913–14இல் போட்ட வரிசை. ஒவ்வொரு தனிமத்தின் எக்ஸ் கதிரையும் அளந்து, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணு எண்ணோடு நேர்கோட்டில் ஏறுவதை அவர் காட்டினார். மெண்டலீவ் 1869இல் அணு எடையை நம்பி அடுக்கிய அட்டவணைக்கு அணு எண் என்ற உறுதியான முதுகெலும்பு கிடைத்தது அப்போதுதான். அடுத்த ஆண்டே கலிப்போலிப் போர்க்களத்தில் 27 வயதில் மோஸ்லி இறந்தார். தங்கத்தின் ஒரு கோடு 9.71 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில், செம்பின் கோடு 8.05இல், துத்தநாகம் 8.64இல். இரிடியம் 9.18இல், தங்கத்துக்கு நெருங்கி. தங்கத்தில் இரிடியப் பொடி கலக்கும் மோசடியைப் பழைய கருவிகள் தவறவிடுவதற்கும் நல்ல கருவி பிடித்துவிடுவதற்கும் இந்தச் சின்ன இடைவெளியைப் பிரித்தறியும் திறனே காரணம்.

தங்கம் அட்டவணை தயாரிப்பவருக்குச் சிரமமே கொடுக்காத தனிமம். இயற்கையில் ஒரே ஐசோடோப், தங்கம்-197. கோலாரில் எடுத்தாலும் தென்னாப்பிரிக்காவில் எடுத்தாலும் அணு எடை 196.966570. ஈயம் அப்படியல்ல. ஓசூர் எக்சைட் தொழிற்சாலையில் பேட்டரித் தகடாகும் ஈயத்துக்குப் பள்ளி அட்டவணை 207.2 என்கிறது. அந்த எண்ணுக்கு எதிரான முதல் சாட்சிகளில் ஒன்று இலங்கையிலிருந்து போனது.

ஆனந்த குமாரசாமியைக் கலை வரலாற்றறிஞராக நமக்குத் தெரியும். நடராசர் தத்துவத்தை உலகுக்குச் சொன்னவராகத் தெரியும். அவர் படித்தது புவியியல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிம அளவாய்வின் இயக்குநராக இருந்தவர். தோரியம் நிறைந்த இலங்கைக் கனிமங்கள் உலக ஆய்வகங்களின் கவனத்துக்கு வந்தது அந்த ஆண்டுகளில்தான். ஐசோடோப் என்ற கருத்தை 1913இல் முன்வைத்த ஃபிரெடரிக் சாடி, தோரியம் சிதைந்து முடிவில் ஈயமாகிறது என்றால் அந்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்று கணித்தார். இலங்கைத் தோரைட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்து எடுத்துப் பார்த்தார். அடர்த்தி 0.26 விழுக்காடு கூடுதல். அணு எடை 207.7ஐ ஒட்டி. அதே காலத்தில் அமெரிக்காவில் தியடோர் ரிச்சர்ட்ஸ் யுரேனியக் கனிமத்து ஈயம் சாதாரண ஈயத்தைவிட இலேசு என்று காட்டினார். வேதியியல் குணத்தில் வேறுபாடே இல்லாத இரண்டு ஈயங்கள், தராசில் வேறுவேறு. 'ஒரு தனிமம், ஓர் எடை' என்ற நூறாண்டு நம்பிக்கை அங்கே உடைந்தது.

உடைந்ததை அட்டவணை ஒப்புக்கொள்ள ஏறக்குறைய இன்னொரு நூறாண்டு ஆயிற்று. அணு எடைகளைத் தீர்மானிக்கும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2009ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் உள்ளிட்ட 10 தனிமங்களுக்கு ஒற்றை எண்ணைக் கைவிட்டு வரம்பு கொடுத்தது. கார்பனுக்கு 12.0096 முதல் 12.0116 வரை. ஈயத்தின் முறை 2020இல் வந்தது: 206.14 முதல் 207.94 வரை. தனிமங்களிலேயே மிக அகன்ற வரம்புகளில் இது ஒன்று. பழைய பேட்டரிகள் பல நாட்டு ஈயத்தைக் கலந்து உருகுவதால் தொழிற்சாலைக்கு 207.2 போதும். ஆனால் இடத்துக்கு இடம் இப்படி மாறுவதால்தான் ஈயத்தின் ஐசோடோப் விகிதத்தைப் பார்த்து, ஒரு பழம்பொருளின் ஈயம் எந்தச் சுரங்கத்தது என்று துப்புத் துலக்கவும் முடிகிறது. வரம்பு கொடுக்கும் முடிவைப் பாடநூல் ஆசிரியர்கள் பலர் விரும்பவில்லை. மாணவர் எந்த எண்ணைப் போடுவார் என்று கேட்டார்கள். ஒன்றியமும் கணக்குப் போட வசதியாக ஒற்றை எண்களைத் தனியே கொடுத்தது. கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஒற்றை எண்ணை மட்டும் சுவரில் மாட்டிவைத்து, அது ஏன் போதாது என்று ஒரு வரிகூட எழுதாதிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எண்ணைத் தீர்மானிப்பவர்கள் தங்களுக்குள்ளேயே முரண்பட்ட காலமும் உண்டு. 1961 வரை வேதியியலாருக்கும் இயற்பியலாருக்கும் தனித்தனி அட்டவணைகள். இருவரும் ஆக்சிஜனை 16 என்று வைத்துத்தான் எண்ணினார்கள். வேதியியலாருக்கு 16 என்பது காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கலவை; இயற்பியலாருக்கு ஆக்சிஜன்-16 என்ற ஒற்றை ஐசோடோப். வித்தியாசம் லட்சத்துக்கு 27.5. கடைசியில் இருவரும் தங்கள் ஆக்சிஜனைக் கைவிட்டு, கார்பன்-12இன் எடை சரியாக 12 என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகின் எல்லா அணு எடைகளும் கார்பனைக் கொண்டே சொல்லப்படுகின்றன.

தனிம அட்டவணையில் 118 கட்டங்கள். ஐசோடோப்புகளின் வரைபடத்தில் ஒரு பக்கம் புரோட்டான், ஒரு பக்கம் நியூட்ரான் என்று வைத்துக் கட்டம் கட்டினால் 3,300க்கும் மேல். அவற்றில் 250ஐ ஒட்டியவையே நிலையானவை. மற்றவை எல்லாம் சிதைபவை. எமிலியோ செக்ரே 1940களில் இந்த வடிவத்தைப் பரவலாக்கினார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் சீல்மன்-எக்கபர்ட்டும் கெர்டா ஃபெனிக்கும் 1958இல் வண்ணம் தீட்டிய சுவர்ப் படமாக வெளியிட்டார்கள். அது இன்றும் புதிய பதிப்புகள் காண்கிறது. கட்டத்துக்குள் இருக்கும் அரை ஆயுட்காலம் யாரோ ஒருவர் அளந்த எண் அல்ல. முரண்படும் பல அளவீடுகளை வைத்துக்கொண்டு, எந்த ஆய்வுக்கு எவ்வளவு எடை என்று மதிப்பிட்டு ஒருவர் எழுதிய தீர்ப்பு. பெயர் வெளியே தெரியாத இந்த வேலையில் இந்தியர்களுக்கும் பங்குண்டு. ஐஐடி ரூர்க்கியின் அசோக் குமார் ஜெயின் குழு 2015இல் அணுக்கரு ஐசோமர்களுக்கென ஒரு தொகுப்பு வெளியிட்டது.

இந்த வரைபடத்தின் மேல் கோடியில் இருக்கும் யுரேனியக் கட்டங்களில்தான் கிருஷ்ணகிரிப் பாறையின் வயது இருக்கிறது. பர்கூர் குவாரிகளிலிருந்து பலகையாகி உலகமெங்கும் போகும் கல், சார்னோகைட்டும் நைசும் கிரானைட்டுமாகக் கிடக்கும் இந்தத் தரை, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. அதற்கான ஆதாரம் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் சிர்கான் மணிகள். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் பிற்பாடு யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238இன் அரை ஆயுள் 446.8 கோடி ஆண்டு, 235இன் அரை ஆயுள் ஏறத்தாழ 70 கோடி ஆண்டு. இரண்டு கடிகாரங்கள் ஒரே மணிக்குள். எந்தச் சிதைவு மாறிலியைப் பயன்படுத்துவது என்று 1976இல் சிட்னியில் கூடிய புவியியலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதோடு யுரேனியம்-238க்கும் 235க்கும் உள்ள விகிதம் எங்கும் 137.88 என்றும் வைத்துக்கொண்டார்கள். 2012இல் சிர்கான்களிலேயே அதை அளந்தபோது சராசரி 137.818 என்று வந்தது. விழுக்காட்டில் பார்த்தால் 0.05க்கும் குறைவு. ஈய ஐசோடோப்புகளை மட்டும் ஒப்பிட்டுக் கணித்த 250 கோடி ஆண்டு வயதுகளை அது ஏழெட்டு லட்சம் ஆண்டு இளமையாக்குகிறது. தொகரப்பள்ளிக் குன்று அசையவில்லை. அட்டவணையின் ஒரு கட்டம் திருத்தப்பட்டது, அவ்வளவே. பழைய ஆய்வுகள் அளந்த விகிதங்களையும் கட்டுரையில் அச்சிட்டிருந்ததால், அந்தப் பாறைகளை மறுபடி உடைக்காமல் வயதை மட்டும் மறுகணக்குப் போட முடிந்தது.

தமிழகத் தொல்லியலில் இப்போது எண்கள் வேகமாக நகர்கின்றன. 2025 ஜனவரியில் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியாகி, சிவகளையின் கி.மு. 3345 முன்னுக்கு வந்தது. மயிலாடும்பாறை 'மிகப் பழையது' என்ற பட்டத்தை மூன்றே ஆண்டில் இழந்தது. அதன் மதிப்பு அதனால் குறையவில்லை. அந்த ஊரின் பெயரோடு ஆண்டைப் பொறிக்கும் பலகை எங்கே வைக்கப்பட்டாலும், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகமோ தொகரப்பள்ளிச் சாலையோரமோ, 2172க்குக் கீழே சின்ன எழுத்தில் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: ஆய்வகம் கொடுத்த திருத்தாத வயதும் அதன் பிழை அளவும், ஆய்வகக் குறியீட்டு எண், எந்த வளைகோட்டின் எந்தப் பதிப்பு என்பது, நடு எண்ணோடு நில்லாமல் முழு வரம்பு. இன்ட்கால் 2004, 2009, 2013, 2020 என்று பதிப்பு மாறிவந்திருக்கிறது, அடுத்ததும் வரும். அன்றைக்குத் தென்னிந்தியக் காற்றின் கலப்பு விகிதமும் அளந்து கிடைத்திருந்தால், பலகையில் இருக்கும் அந்த நான்கு விவரங்களை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவரே ஆண்டை மறுபடி வாசித்துவிடலாம்.